உப்புக் காற்றில் தினமும் ஓடும் பிரெஸ்ஸா: தம்பி தந்த பட்டியலில் எதைச் செய்வது, எதை விடுவது?

கேள்வி: தங்கச்சிமடம் டீச்சர்

வணக்கம். தங்கச்சிமடத்தில் குடியிருந்துகொண்டு இராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். போக வர ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பாம்பன் சாலைப் பாலத்தைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் கடக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளும் பேருந்தில் போய்வந்தவள், சென்ற மாதம்தான் மதுரையில் ஒருவரிடமிருந்து 2018ஆம் ஆண்டு விட்டாரா பிரெஸ்ஸா வி.டி.ஐ. டீசல் வண்டியை வாங்கினேன். 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போய்க் காட்டினோம். எஞ்சின் நன்றாக இருப்பதாகவும், அடிப்பக்கம் முழுவதும் கோட்டிங் அடித்துக் கறுப்பாகப் புதிதுபோல் இருப்பதால் துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றும் அவர் சொன்னார்.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே முந்நூறு மீட்டர் இருந்தால் அதிகம். வண்டி ஓலைக் கொட்டகையில் நிற்கிறது. காலையில் கண்ணாடியைத் துணியால் துடைத்தால் பிசுபிசுவென்று உப்பு ஒட்டுகிறது. வாரத்தில் ஒரு நாள் மாமனாருடைய பனந்தோப்புக்குப் போவோம். அந்தப் பாதை முழுவதும் மணலும் கருவை முள்ளும்தான். ஒரே மாதத்தில் இரண்டு பஞ்சர் ஆகிவிட்டது. இவை தவிர எனக்கு இரண்டு குறைகள் உண்டு. இரவில் முகப்பு விளக்கின் வெளிச்சம் போதவில்லை. உச்சிப்புளிக்கு அருகில் சாலையில் படுத்திருந்த மாட்டை மிக அருகில் வந்த பிறகுதான் பார்த்தேன். இரண்டாவதாக, பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது பின்பக்கத்தில் "தட்" என்று ஓர் ஒலி கேட்கிறது.

என் தம்பி சென்னையில் இருக்கிறான். வண்டி என்றால் அவனுக்கு உயிர். அவன் அனுப்பிய பட்டியலில் 17 அங்குல அலாய் சக்கரங்கள், அவற்றுக்கு 215/55 டயர், நான்கு ஸ்பிரிங்கிலும் ரப்பர் பஃபர், எல்.இ.டி. பல்பு, முன்னால் இரும்பு பம்பர் கார்டு, கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாள், கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், எஞ்சின் ரீமேப் (இழுவையைக் கூட்ட எஞ்சின் கணினியின் நிரலை மாற்றுவதாம்), கூரையில் கேரியர் ஆகியவை இருக்கின்றன. கடைசி வரியில், போனால் போகட்டும் என்பதுபோல, அடிப்பக்கத்துக்கு இன்னொரு முறை ரப்பர் கோட்டிங் என்றும் எழுதியிருக்கிறான். தனுஷ்கோடி மணலில் வண்டியை இறக்கிப் படம் எடுக்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. என் கையில் இருப்பது 75,000 ரூபாய். இந்த வண்டியைக் குறைந்தது எட்டு ஆண்டுகள் வைத்திருக்க நினைக்கிறேன். எதில் தொடங்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: பட்டறைக்காரர், இராமநாதபுரம்

வணக்கம் டீச்சர். இருபத்தாறு ஆண்டுகள் இங்கே பட்டறை நடத்தினேன்; இப்போது மகன் நடத்துகிறான், நான் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்கிறேன். உங்கள் தம்பியின் பட்டியலுக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. இத்தனை ஆண்டு ஓடிய வண்டியின் அடிப்பக்கம் கறுப்பாகப் புதிதுபோல் இருந்தால், அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், கெட்ட செய்தியாகவும் இருக்கலாம். வண்டியைக் காப்பாற்ற அடித்த கோட்டிங்குக்கும், விற்பதற்கு முந்தைய வாரம் அடித்த கோட்டிங்குக்கும் பார்வையில் வேறுபாடு தெரியாது. துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரப்பர் கோட்டிங்கை அடித்துவிட்டால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே போக வழி இருக்காது; பூச்சின் ஓரத்தில் எங்காவது ஒரு விரிசல் விழுந்தால் புதிய ஈரம் உள்ளே போக மட்டும் வழி இருக்கும். மேலே பளபளப்பு, கீழே அரிப்பு என்று ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே நடக்கும்.

மதுரையில் இதுவே பத்தாண்டு இழுக்கும். உங்கள் ஊரில் இழுக்காது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பே காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது அதற்கும் குறைவான ஈரப்பதத்திலேயே நனைந்துவிடும். மழைக்காலத்தில் அடுப்படியில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். மழையே இல்லாத நாளிலும் உங்கள் வண்டியின் அடியில் ஒவ்வோர் இரவும் நடப்பது அதுதான். இது போதாதென்று, மண்டபத்திலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் போகும் மீன் வண்டிகள் ஐஸ் உருகிய உப்புநீரைச் சாலை நெடுகச் சொட்டிக்கொண்டே போகின்றன. அதன் பின்னால் போகிறவர் தம்முடைய சக்கரத்தாலேயே அதை வாரித் தம் வண்டியின் அடியில் அடித்துக்கொள்கிறார். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்க்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பாம்பன் புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலோக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே தினமும் இருமுறை போகும் வண்டிக்கு நாம் அலாய் சக்கரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகையால், பட்டியலின் கடைசி வரியை முதல் வரியாக்குங்கள். ஆனால் "இன்னொரு முறை ரப்பர் கோட்டிங்" என்பதை அடித்துவிடுங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஏற்கெனவே இருக்கும் பூச்சை ஜாக்கி வைக்கும் இடங்களிலும் தகடுகள் சேரும் மடிப்புகளிலும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சு இரும்போடு இறுகப் பிடித்திருந்தால் விட்டுவிடலாம். தூக்கிக்கொண்டு வந்தால், வரும் அளவுக்கு உரித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைத் தடவி, காய்ந்த பிறகு எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். அதற்கு மேல் மெழுகு வகைப் பூச்சு. கதவுகளுக்குக் கீழே இருக்கும் படியின் உட்கூடு, கதவுகளின் அடி, பின்கதவின் அடி ஆகிய குழிவான இடங்களுக்குள் நீண்ட குழாய் முனையைவிட்டு அதே மெழுகைப் பீய்ச்ச வேண்டும். மெழுகு இறுகிக் கல்லாகிவிடாமல் மெல்ல ஊர்ந்து மடிப்புகளுக்குள் இறங்கும். கீறினாலும் ஓரளவு தானே மூடிக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்காது, தூசியும் ஒட்டும், ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி அடிக்க வேண்டும். படியின் அடியிலும் கதவின் அடியிலும் நீர் வடியும் துளைகள் இருக்கின்றன. கோட்டிங் அடிக்கும் பையன்கள் பத்துக்கு எட்டு வண்டிகளில் அந்தத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

வெளிச்சக் குறைக்கும் உப்புக்கும் உறவு இருக்கிறது. பல்பை மாற்றுவதற்கு முன், பேட்டரியிலிருந்து உடலுக்கு வரும் எர்த் ஒயரையும், விளக்குகளின் எர்த் இணைப்புகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். செம்பு பச்சை பூத்திருக்கும். ஹாலஜன் பல்புக்குப் போகும் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். எனவே எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பேட்டரியில் எவ்வளவு, பல்பின் முனையில் எவ்வளவு என்று மல்டிமீட்டரில் அளந்துவிட்டுப் பேசலாம்.

டயர் விஷயத்தில் உங்கள் தம்பி பாதி சரி. உங்கள் வண்டியில் இருப்பது 205/60 ஆர்16; அதாவது அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 60 விழுக்காடு, சக்கரம் 16 அங்குலம். இதே வண்டியின் மேல்நிலை வகையில் தயாரிப்பாளரே 215/60 ஆர்16 கொடுத்தார், அதற்கு மாறலாம். சக்கரத்தின் மொத்த விட்டம் 652 மில்லிமீட்டரிலிருந்து 664 ஆகும், தரையிலிருந்து வண்டி 6 மில்லிமீட்டர் உயரும், ஸ்பீடோமீட்டர் முன்பைவிட ஏறத்தாழ 2 விழுக்காடு குறைத்துக் காட்டும். டயரின் பக்கச் சுவர் 123 மில்லிமீட்டரிலிருந்து 129 ஆகிறது; மேடு பள்ளத்தில் அந்த ஆறு மில்லிமீட்டர் உங்கள் இடுப்புக்குத் தெரியும். தம்பி சொல்லும் 215/55 ஆர்17இல் அதே சுவர் 118 ஆகக் குறைகிறது. பார்வைக்குத்தான் லாபம். எதை வாங்கினாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

ஸ்பிரிங் பஃபர் வேண்டாம். ஒலி வருவது ஷாக் அப்சார்பர் தேய்ந்ததால் என்றால், ஸ்பிரிங்குக்குள் ரப்பரைத் திணிப்பது பல்வலிக்குக் கன்னத்தில் தைலம் தடவுவது போன்றது. ஸ்பிரிங்கின் சுருள்களில் சில அசையாமல் போவதால் மிச்சச் சுருள்களே முழு வேலையையும் செய்யும். ரப்பருக்கும் கம்பிக்கும் இடையே மணலும் உப்பும் புகுந்து பெயின்ட்டை அரைக்கும். இந்தக் கடற்கரையில் ஸ்பிரிங் ஒடிந்து வந்த வண்டிகளில் ஒடிந்த இடம் பெரும்பாலும் பெயின்ட் போன இடமாகத்தான் இருந்தது.

ரீமேப்பும் கூம்பு ஃபில்டரும் இந்த ஓட்டத்துக்குத் தேவையில்லை. 200 நியூட்டன் மீட்டர் இழுவை பாலத்துக்கும் போதும், பரமக்குடிக்கும் போதும். மெல்லிய மணல் பறக்கும் ஊரில் டர்போவுக்கு முன்னால் இருக்க வேண்டியது காகித ஃபில்டர்தான், அதையும் கையேட்டில் சொன்னதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.


பதில்: வாலிநோக்கம் வண்டிக்காரன்

டீச்சருக்கு வணக்கம். ஐயா சொன்னதில் ஓரிடத்தில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. நான் ஐந்து ஆண்டுகளாக நெக்ஸான் வைத்திருக்கிறேன். மாரியூர், வாலிநோக்கம் உப்பளங்களை ஒட்டிய சாலையில்தான் அன்றாட ஓட்டம். முழுவதும் மெழுகு அடித்துப் பார்த்துவிட்டேன். சக்கர வளைவுகளுக்குள் மணலும் சரளையும் இடைவிடாமல் அடிப்பதால் அங்கே மெழுகு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ஆகவே சக்கர வளைவில், இரும்பு முற்றிலும் சுத்தமாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு, பிரைமருக்கு மேல் ரப்பர் வகைப் பூச்சையும், மடிப்புகள், கூடுகள், போல்ட் தலைகள் ஆகியவற்றில் மெழுகையும் பயன்படுத்துகிறேன். ரப்பர் கெட்டது இல்லை. துருவின் மேல் அடித்த ரப்பர்தான் கெட்டது.

அலாய் சக்கரம் வாங்கி அனுபவித்தவன் என்ற முறையிலும் ஒன்று சொல்கிறேன். சாயல்குடிக்கு முன்னால் ஒரு மாலையில் பஞ்சர் ஆனது. ஐந்து நட்டுகளையும் கழற்றிய பிறகும் சக்கரம், அதை மாட்டும் ஹப்பை விட்டு வரவில்லை. அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் இடையில் வெள்ளையாக ஒரு மாவு உண்டாகி, சிமென்ட் போல் இறுக்கிவிடுகிறது. வண்டிக்குக் கீழே கல் வைத்து முட்டுக் கொடுத்துவிட்டு, டயரின் உள்பக்கத்தைக் காலால் முக்கால் மணி நேரம் உதைத்தேன். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சக்கரங்களைக் கழற்றி, ஹப்பின் முகத்தைத் தேய்த்து, ஒட்டாமல் தடுக்கும் பசையை மெல்லிதாகத் தடவி மாட்டுகிறேன். நட்டின் மரையில் அந்தப் பசையைப் படவிடக் கூடாது. நட்டை இறுக்கும் விசையின் (டார்க்) கணக்கு தவறிவிடும். இரும்புச் சக்கரம் அழகில்லை என்றாலும், பள்ளத்தில் விழுந்து வளைந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம்.

கருவை முள்ளைப் பற்றி யாரும் எழுதவில்லை. அது நீளமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால், டியூப்லெஸ் டயரில் ஏறினால் உடனே காற்று இறங்குவதில்லை. முனை ஒடிந்து உள்ளேயே தங்கி, நாளுக்கு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. என்று கசியும். திங்கட்கிழமை தோப்பிலிருந்து வந்த முள்ளை வியாழக்கிழமைதான் கண்டுபிடிப்போம். ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரிந்தால் வழியில் பிடுங்காமல் பஞ்சர் கடை வரை ஓட்டிப் போங்கள். நடுப்பகுதியில் ஏறிய முள்ளுக்கு வெளியிலிருந்து ரப்பர் திரி அடித்தால் போதும் என்பார்கள். நெடுஞ்சாலையில் தினமும் 90 கிலோமீட்டர் ஓடுகிறவர் டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவப் பேட்ச் போட்டுக்கொள்வது நல்லது. பக்கச் சுவரில் ஏறியிருந்தால் எந்தப் பேட்ச்சும் வேண்டாம், டயரை மாற்றுங்கள். தோப்புக்குப் போகிறவர்கள் சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் சிறிய காற்று பம்பு ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். தம்பியின் பட்டியலில் இல்லாத இதுதான் உங்களுக்கு முதலில் கைகொடுக்கும்.

எல்.இ.டி. பல்பை நான் ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் போட்டுப் பார்த்தேன். என் முன்னால் வெள்ளை வெளேர் என்றிருந்தது. எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாரும் ஹை பீம் அடித்துத் திட்டினார்கள். ரிஃப்ளெக்டரின் வளைவு ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு அமைத்தது. ஒளி வேறு இடத்திலிருந்து கிளம்பினால் சிதறும். உப்புப் படிந்த கண்ணாடியில் அந்தச் சிதறல் நமக்கே திரும்ப வரும். மறுபடி 60/55 வாட் ஹாலஜன் பல்பையே போட்டு, பேட்டரியிலிருந்து ரிலே என்ற மின்சுவிட்ச் வழியாகத் தனி ஒயர் இழுத்துக்கொண்டேன். விளக்கின் வெளிக்கண்ணாடி மஞ்சள் பூத்திருந்தால் பாலிஷ் செய்யுங்கள்.

கேரியர் பற்றி ஒரு வார்த்தை. பாம்பனின் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். ஆடி மாதக் கச்சான் காற்று பாலத்தில் பக்கவாட்டில் அடிக்கும்போது, வெறும் வண்டியே ஸ்டீயரிங்கை இழுக்கும். கூரையில் பாரம் ஏற்றிக்கொண்டு அதைக் கடக்க உங்கள் தம்பியைச் சென்னையிலிருந்து வரச் சொல்லுங்கள்.


பதில்: பரமக்குடி சர்வேயர்

மோட்டார் காப்பீட்டுக் கோரிக்கைகளை ஆய்வு செய்வது என் தொழில். மற்றவர்கள் விட்டுவிட்ட சட்டப் பகுதியை மட்டும் எழுதுகிறேன், சகோதரி.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182ஏ பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்ற சொற்களைத் தம்பிக்குப் படித்துக் காட்டுங்கள்.

பட்டியலில் நேரடியாகச் சிக்குவது இரும்பு பம்பர் கார்டு. அதை அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அபராதத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு: மோதலில் நசுங்கி விசையை உள்வாங்க வேண்டிய முன்பகுதியை அந்தக் குழாய் தாண்டிப்போய், விசையை நேராகச் சட்டகத்துக்குக் கொடுத்துவிடுகிறது, ஏர்பேக் உணரி கணிக்கும் வேகமும் மாறிவிடுகிறது. மாடு மோதினால் பம்பர் தப்பும், உள்ளே இருப்பவர் தப்புவது சந்தேகம். கறுப்புத் தாளும் அப்படியே. முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடு ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியையும் விட வேண்டும் என்பது விதி. 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்புத் தாள் ஒட்டுவதைத் தடை செய்தது. வெயிலுக்குக் கழற்றி மாட்டும் வலைத்திரையை நிறுத்தியிருக்கும்போது பயன்படுத்துங்கள்.

215/60 ஆர்16 டயரில் சிக்கல் இல்லை. இதே வண்டிக்குத் தயாரிப்பாளர் கொடுத்த அளவு அது. பாரக் குறியீடு பழைய டயரைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 92 என்றால் ஒரு டயருக்கு 630 கிலோ, 95 என்றால் 690 கிலோ.

ஒயரிங் வேலையில் ஒன்றை வலியுறுத்துகிறேன். ரிலே ஒயரிங், கேமரா, திரை எதுவாக இருந்தாலும், மூல ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றும் கடையில் செய்யாதீர்கள். கப்ளர் என்ற இணைப்பானில் செருகும் வகையையே கேளுங்கள், பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இருக்க வேண்டும். எரிந்த வண்டிகளை நான் பார்க்கப் போகும்போது முதலில் தேடுவது அந்த டேப் சுற்றிய இடத்தைத்தான். மின் உதிரிகளின் மதிப்பைப் பாலிசியில் சேர்க்க வழக்கமாக அந்த மதிப்பில் 4 விழுக்காடுதான் கூடுதல் பிரீமியம். ரசீதுகளை எடுத்துவையுங்கள்.


பதில்: தங்கச்சிமடம் டீச்சர்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் வண்டியை லிஃப்டில் ஏற்றினோம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது தார் பூசியதுபோல் ஒரே கறுப்பாக, குறை சொல்ல இடமின்றித்தான் இருந்தது. வேலை பார்த்த பையன் இடப்பக்கப் பின் ஜாக்கி இடத்துக்கு அருகில் ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்து லேசாக நெம்பினான். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு ஒரு தகடாக, வெந்த அப்பளம் தூக்குவதுபோல் அப்படியே மேலெழும்பி அவன் கையில் வந்துவிட்டது. அதன் உள்பக்கம் ஈரமாக, செம்மண் குழைத்ததுபோல் இருந்தது. பட்டறைக்காரர் ஐயாவின் பதிலை அதற்கு முன்பே படித்திருந்தும் என் வயிற்றைப் பிசைந்தது. சுத்தியால் தட்டிப் பார்த்தார்கள். கணீர் என்றே கேட்டது, எங்கும் ஓட்டை விழவில்லை. இன்னும் இரண்டு மழைக்காலம் விட்டிருந்தால் வெல்டிங் வைக்க வேண்டியிருக்கும் என்றார்கள்.

வலப்பக்கப் படியின் அடியில் நீர் வடியும் துளை எங்கே என்றே தெரியவில்லை. பையன் விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்து, சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்தியதும் கறுத்த தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு அவன் முழங்கை வழியாக ஒழுகியது. மதுரையில் பெய்த மழையா, இங்கே கழுவிய தண்ணீரா என்று தெரியவில்லை.

உரித்தல், துரு மாற்றி, எபாக்ஸி பிரைமர் என்று இரண்டு நாள் வேலை. சக்கர வளைவுகளில் வாலிநோக்கம் தம்பி சொன்னபடி ரப்பர், மற்ற இடங்களில் மெழுகு. மெழுகு அடித்த பிறகு ஒவ்வொரு துளையிலும் கம்பியை விட்டுப் பார்த்தேன். பையன் சிரித்தான், நான் விடவில்லை. விளக்கு எரியும்போது பேட்டரியில் 14.0 வோல்ட், பல்பின் முனையில் 12.3. எர்த் இணைப்புகளைக் கழற்றிச் சுரண்டி மாட்டிய பிறகு 13.5 வந்தது. அதே பழைய பல்புதான். உச்சிப்புளி மாடுகள் இப்போது தொலைவிலேயே தெரிகின்றன. ரிலே வேண்டுமா என்று பிறகு முடிவு செய்துகொள்வேன்.

பின்பக்க ஒலிக்குக் காரணம் ஒரு ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்ததுதான். இரண்டையும் மாற்றினோம். டயர்களில் இரண்டின் எண் 0918 என்றிருந்தது. எனவே நான்கையும் 215/60க்கு மாற்றிவிட்டேன், சக்கரம் அதே இரும்புதான். காற்று பம்பு வாங்கி முதல் வாரத்திலேயே பயன்பட்டுவிட்டது. எல்லாம் சேர்த்துக் கையிலிருந்த 75,000 ரூபாயில் நான்காயிரம் மிச்சம். தம்பியிடம் சொன்னபோது, பணம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய்விட்டதே என்று வருத்தப்பட்டான்.

இன்னும் ஒரு சந்தேகம். அடிப்பக்கத்தை வாரம் ஒரு முறையாவது கழுவ வேண்டும் என்று பட்டறையில் சொன்னார்கள். வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. காவிரிக் குடிநீர் குடத்துக்கே போதவில்லை. வாட்டர் சர்வீஸ் கடையில் அழுத்தமாக அடித்துக் கழுவுகிறார்கள், அங்கேயும் ஆழ்குழாய்த் தண்ணீர்தான். உப்பை உப்பால் கழுவுவதில் பயன் உண்டா?


பதில்: பட்டறைக்காரர், இராமநாதபுரம்

நல்ல கேள்வி டீச்சர். நானே முதலில் எழுதியிருக்க வேண்டும். உவர்நீரால் கழுவி அப்படியே காயவிட்டால், சேற்றை எடுத்துவிட்டு உப்பை வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்றுதான் பொருள். சேறு போக அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தலாம். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். தீவில் ஆழமாகத் துளைத்தால் உப்பும், மணலில் மேலோட்டமாகத் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீரும் கிடைப்பது உங்களுக்குத் தெரியும். மாமனார் தோப்பில் ஊற்று இருந்தால் வாராவாரம் அங்கேயே வேலை முடிந்துவிடும். செடிக்கு மருந்தடிக்கும் முதுகு ஸ்பிரேயர், மருந்தே படாத புதிதாக, ஒன்று வாங்குங்கள். 16 லிட்டர் ஒரு வண்டிக்குத் தாராளம். நான்கு சக்கர வளைவுகள், படியின் மடிப்பு, சைலன்சர் தொங்கும் கொக்கிகள், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சர் என்ற வரிசையில் அடியுங்கள். கண்டென்சரின் தகடுகள் மெல்லிய அலுமினியம் என்பதால் அங்கே மட்டும் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கழுவியவுடன் கொட்டகையில் நிறுத்தாமல் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, நாலைந்து முறை பிரேக்கை அழுத்திக் காயவையுங்கள். அன்றைக்கு இரவு ஹேண்ட் பிரேக் போட வேண்டாம். உங்கள் வண்டியின் பின்பக்கம் டிரம் பிரேக், ஈரத்தோடு இழுத்துவைத்தால் காலையில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு வண்டி நகராது. முதல் கியரில் போட்டுவிட்டுச் சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள்.

தனுஷ்கோடி மணலை மறந்தே போனேன். முன்சக்கர இழுவை வண்டி அந்த மணலில் இறங்கினால் அச்சு வரை புதையும். கரையில் ஆமைகள் முட்டையிடும் இடமும் அது. 2017இலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச் சாலை இருக்கிறது. தம்பி வரும்போது சாலையிலேயே நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளட்டும். திரும்பி வந்ததும் ஸ்பிரேயரை அவர் முதுகில் மாட்டிவிடுங்கள்.